தியாகராசாவின் பதினொரு எண்கள்

தியாகராசாவின் கையெழுத்து எத்தனை பொலிஸ் படிவங்களில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. போர்க்காலத்துக் கொழும்பு வெள்ளவத்தையில் தமிழர் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து படுத்தெழும்பினால் படிவம் நிரப்ப வேண்டும்: பெயர், எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார், எப்போது போவார். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து பெரியண்ணர் கண் வைத்தியத்துக்கு வந்து நான்கு நாள் தங்கியதற்கும் தியாகராசா வரிசையில் நின்று மூன்று பிரதி கொடுத்தவர்.

தொலைபேசித் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் வயரோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். அறுபத்தெட்டாவது வயதில், கையிலிருந்த ஸ்மார்ட்போன் ‘உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?’ என்று பணிவாகக் கேட்டபோது, அந்த வரிசையும் வெயிலும் அவர் நினைவுக்கு வந்தன.

“அண்டைக்குத் துவக்கோடை நிண்டு கேட்டவங்கள், பயத்திலை குடுத்தம். இண்டைக்குப் பொம்மைப்படம் காட்டிக் கேக்கிறாங்கள், சிரிச்சுக்கொண்டு குடுக்கிறம்” என்று மனைவியிடம் சொன்னார்.

“நீங்கள் என்ன பெரிய ஆளே, உங்களை வேவு பாக்க?” என்றாள் பத்மாவதி.

“உன்ரை அப்பரும் அப்ப இதைத்தான் சொன்னவர். பிறகு மூண்டு நாள் உள்ளுக்கை இருந்தவர்.”

மகள் தாரிகாவின் பேறு பார்க்கப் பத்மாவதி ரொறன்ரோவுக்குப் பறந்ததும், தியாகராசா வேலையைத் தொடங்கினார். காலி வீதியில் போன் கடை வைத்திருந்த ஜெனிஸ்டனிடம்தான் முதலில் போனார். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து கடை திறக்கும் நாற்பது வயதுக்காரன் அவன்.

“அங்கிள், கொம்பனி சொப்ட்வெயரைக் கழட்டினா பேங்க் அப் ஓடாது. டாக்சி வராது. வட்ஸ்அப் இல்லாம உங்களுக்கு யாரு கதைக்கப் போறா?”

“கதைக்க வேண்டியவை கதைப்பினம்.”

“நான் தொட மாட்டேன் அங்கிள். பிறகு எனக்குத்தான் ஏச்சு விழும்.”

ஆகவே அவரே தொட்டார். மூன்று நாள் ஆனது. இரண்டு தடவை போன் செத்துப் பிழைத்தது. கொம்பனிகளின் மென்பொருள் முழுவதையும் துடைத்தெறிந்துவிட்டு, உலகின் ஏதோ மூலைகளிலிருந்து நல்ல மனிதர்கள் சும்மா எழுதிக் கொடுக்கும் மென்பொருளை ஏற்றினார். குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் எண்பத்துநான்கு பேர் இருந்தார்கள். தான் ஏன் விலகுகிறேன் என்று மூன்று பந்தியில் எழுதினார். பதிலாக இரண்டு கட்டைவிரல்களும், லண்டனிலிருந்து ஒரு காலை வணக்க ரோசாப்பூவும் வந்தன. அவர் வெளியேறினார்.

புதுப்பித்த போனில் பழைய பெயர்ப்பட்டியலை ஏற்ற அவர் மனம் ஒப்பவில்லை. எண்களைக் கையால் ஒரு கொப்பியில் எழுதினார். போனில் பதினொன்று மட்டும் ஏறின; அந்தப் பதினொன்று தவிர வேறெந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் மணி அடிக்காதபடி பூட்டினார். கடன் அட்டை விற்பவர்கள் ஒரே நாளில் ஓய்ந்தார்கள். கனடா அழைப்புகள் மலிவுத் தொலைபேசி அட்டையில் நாளுக்கொரு எண்ணாக வருபவை என்பதால், பத்மாவதிக்கும் மகளுக்கும் வேறொரு சுதந்திரமான செயலியை நிறுவச் செய்தார். வெள்ளிக்கிழமைகளில் கதைப்பது என்று ஏற்பாடு. அந்தச் செயலியில் ஒரு குறை இருந்தது: செய்தி வந்தால் சத்தம் போடாது. சத்தம் போட வைக்கும் வேலையும் பெரிய கொம்பனியின் கையில்தான் இருக்கிறதாம். நாமாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும். தியாகராசாவுக்கு அது குறையாகவே படவில்லை. “நான் கூப்பிட்டால் அது வரும். அது கூப்பிட்டு நான் ஓடுறேல்லை” என்றார்.

பதினொன்றில் முதலாவது பெரியண்ணர் ஏகாம்பரத்தின் எண்; மற்றவை வைத்தியர், மருந்துக்கடை என்று கொழும்பிலேயே தேவைப்படுபவை. எண்பத்தொரு வயது, கல்யாணம் செய்யாதவர், கொக்குவிலில் தனியே சமைத்துச் சாப்பிடுபவர். உடன்பிறந்தவர்களில் நாட்டில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான்.

“எனக்குக் கொள்ளி வைக்கிறது நீதான்ரா. மற்றவன்கள் வீடியோவிலை வைக்கேலாது” என்று, பத்மாவதி பறப்பதற்கு முன் தைப்பொங்கலுக்குப் போனபோது அண்ணர் சொல்லியிருந்தார்.

“ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அடுத்த பஸ்ஸிலை நிப்பன்.”

அது வாய்ப்பேச்சு அல்ல. யாழ்ப்பாண பஸ்கள் புறப்படும் இடம் அவருடைய வீட்டு ஒழுங்கை முகப்பிலிருந்து இருநூறு அடிதான். அந்தப் பயணத்தில்தான் அண்ணரின் போனுக்கும் ஆறு இலக்கப் பூட்டுப் போட்டுக் கொடுத்தார். “கண்டவனும் திறந்து பாக்கக் கூடாது அண்ணை.”

ஆவணி மாதம் ஒரு ஞாயிறு காலை ஏகாம்பரம் கிணற்றடியில் விழுந்து இறந்தார்.

அன்று முழுக்கத் தியாகராசா கோவிலில் இருந்தார். மறுநாள் திருவிழாவில் அவருடைய உபயம். பூ வந்ததா, பால் வந்ததா என்று ஓடியவர் செயலியைத் திறக்கவில்லை. ரொறன்ரோவில் செய்தி கிடைத்த பத்மாவதி அட்டை மாற்றி அட்டை மாற்றி அழைத்தாள். மணி அடிக்கவில்லை. மேல்மாடியில் குடியிருக்கும் மிதுனாவுக்குச் சொல்ல, அவள் இறங்கி வந்து கதவைத் தட்டினாள். பூட்டிக் கிடந்தது. ‘அங்கிள் யாழ்ப்பாணம் வெளிக்கிட்டிட்டார் போல’ என்று செய்தி போட்டாள். குடும்பக் குழுவில் அது இரண்டு நிமிடத்தில் ‘வெளிக்கிட்டிட்டார்’ ஆனது, பின்னேரத்தில் ‘வவுனியா தாண்டிவிட்டார்’ ஆனது. எண்பத்துமூன்று பேரும் நிம்மதியாகக் கூப்பிய கைகளை அனுப்பத் தொடங்கினார்கள்.

திங்கள் பகல் பன்னிரண்டரை மணி. தியாகராசா தலையில் பரிவட்டத்தோடு மூலஸ்தானத்துக்கு நேரே நின்றார். கோவில் செயலாளர் ராகுலன் கையில் போனோடு பக்கத்தில் வந்தான். கோவில் குழுவில் யாரோ ஒரு மரண அறிவித்தலைப் பகிர்ந்திருந்தார்கள்.

“அண்ணை, கொக்குவில் ஏகாம்பரம் உங்கட ஆரும் சொந்தமோ? சகோதரர் எண்டு உங்கட பேரும் போட்டுக் கிடக்கு.”

தியாகராசா கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. சட்டை வெளியில் இருந்தது. ராகுலனே வாசித்தான். கிரியைகள் திங்கள் முற்பகல் பத்து மணி. தகனம் பதினொன்றரை.

இரத்த உறவில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, கோவில் வாசல் மிதிக்கக் கூடாது. இவரோ பரிவட்டம் கட்டி, காளாஞ்சிப் பிரசாதத்துக்குக் கை நீட்ட நிற்கிறார். சுற்றி நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். ஐயர் மட்டும் நிதானமாக இருந்தார்.

“கேள்விப்படுறவரைக்கும் துடக்கில்லை. இப்பக் கேட்டாச்சு. பரிவட்டத்தைக் கழட்டி வைச்சிட்டு வெளியிலை போங்கோ.”

அறியாதிருக்கும் உரிமையைச் சாஸ்திரம் ஒப்புக்கொண்டது. குடும்பம் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று பின்னேர பஸ்ஸில் ஏறுவதற்குமுன் போனை ஆராய்ந்தார். தடுக்கப்பட்ட அழைப்புகள் நாற்பத்தொன்று, ஒன்றுகூடத் தவறாமல் நேரம் விநாடியோடு பதிவாகியிருந்தன. அந்தப் போனைப் போல ஓர் உத்தியோகத்தர் திணைக்களத்தில் அவருக்குக் கீழ் வேலை செய்ததில்லை. செயலியைத் திறந்தார். பத்மாவதியின் செய்திகள் ஒன்பது, வரிசையாக இறங்கின. கடைசியாக: ‘நீங்கள் வெளிக்கிட்டிட்டீங்கள் எண்டு சொல்லிச்சினம். போய்ச் சேந்தவுடனை சொல்லுங்கோ.’

செவ்வாய் விடிய அவர் போய்ச் சேர்ந்தது சாம்பல் அள்ளும் காடாத்துக்குத்தான். சாம்பலுக்குப் பால் தெளிக்கக் கிடைத்தது. வவுனியா தாண்டியவர் வருவார் என்று கடைசி நிமிடம் வரை பார்த்திருந்துவிட்டுக் கொள்ளி வைத்தவன் ஒன்றுவிட்ட அண்ணரின் மகன் கஜீவன். மழித்த தலையோடு முற்றத்தில் நின்றான்.

“என்ன சித்தப்பா, போன் பழுதோ?”

“பழுதில்லை.”

“என்ரை போனாலை பதினாலு தரம் எடுத்தனான். பெரியப்பான்ரை போனாலை எடுத்துப் பாப்பமெண்டால் அது பூட்டு. ஆறு நம்பராம். ஆருக்கும் தெரியேல்லை.”

தியாகராசாவுக்குத் தெரியும். தெரிவு செய்தவர் அவர்தான். அந்த ஓர் எண்ணிலிருந்து அழைத்திருந்தால் மணி அடித்திருக்கும். அதை அவர் கஜீவனுக்குச் சொல்லவில்லை. இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

முப்பத்தொன்று முடிந்து கொழும்புக்கு வந்ததும் ஜெனிஸ்டனின் கடைக்குப் போய்ப் போனை மேசையில் வைத்தார்.

“பழையபடி ஆக்கு.”

கதை காலி வீதி முழுக்க வந்திருந்தது. ஒரு மணித்தியாலத்தில் பழைய மென்பொருள் ஏறியது. நிபந்தனைகள் வந்தன, ஒரு காலத்தில் நாற்பது பக்கத்தையும் கோடு போட்டு வாசித்த மனிதர் ‘ஏற்கிறேன்’ என்பதை ஐந்து தடவை அழுத்தினார். தொடர்புகளைப் பார்க்கலாமா என்று போன் கேட்டது.

“குடுக்கட்டா அங்கிள்?”

“குடு.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துடைத்தெறிந்ததாக அவர் நம்பிய அறுநூற்றுச் சொச்சம் பெயர்களும் கொம்பனியிடமிருந்து படங்களோடு இறங்கின, ஒன்றுகூடக் குறையாமல். அடிக்கடி அழைத்தவர்களை எல்லாம் அது தானாகவே மேலே எடுத்து வைத்திருந்தது. முதலில் பெரியண்ணர், பொங்கலுக்கு எடுத்த படத்தில், திருநீற்றோடு.

ஜெனிஸ்டன் படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “இவருதானே அங்கிள்? அழிக்கட்டா?”

“நீ இஞ்சை அழிச்சாலும் அங்கை கிடக்கும்” என்றார் தியாகராசா. போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.