ஊதாங்குழல் பரீட்சை

துறைமுகத்தில் கரி இறக்கிக்கொண்டிருந்த என்னை நிரந்தர வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். அதற்கு முன் டாக்டர் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரர். குழாயைக் காதில் மாட்டி என் நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். பிறகு கம்பவுண்டரிடம் ஏதோ பேசினார். அதில் "கார்டியோபல்மனரி" என்று ஒரு வார்த்தை கூட்ஸ் வண்டி மாதிரி நீளமாகப் போயிற்று.

"அப்டின்னா இன்னா சார்?" என்று கம்பவுண்டரைக் கேட்டேன்.

"இருதயமும் நுரையீரலும். ரெண்டையும் சேத்துச் சொல்ற பேரு. உனக்கு ரெண்டும் நல்லா கீது, போ."

எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. என் உடம்புக்குள் இவ்வளவு பெரிய இங்கிலீஷ் இருப்பது அதுவரை தெரியாது. சாயங்காலம் கள்ளுக்கடையில், எனக்குக் கார்டியோபல்மனரி இருக்கிறது, டாக்டரே சொன்னார் என்றேன். அர்த்தம் சொல்லவில்லை. சொன்னால் மவுசு குறைந்துவிடும்.

மறுநாளே சேதி கொருக்குப்பேட்டைக்குப் போய்விட்டது. அங்கேதான் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அம்மா ஆளனுப்பினாள். மழையில் நனைந்துகொண்டு போனேன்.

"இன்னாப்பா, உனக்கு ஏதோ சீக்காமே? பேரு வாயிலயே நுழையலியாம். அவ்ளோ பெரிய பேருன்னா ஆளைத் தூக்கிட்டுப் போற சீக்காத்தான் இருக்கும்."

"சீக்கு இல்லைங்க. எல்லாருக்கும் கீது. உங்களுக்கும் கீது."

"யாருக்குடா கீது? வாயக் கழுவு!"

நெஞ்சைத் தட்டிக் காட்டி விளக்கினேன். அவள் நம்பவில்லை. ஊதாங்குழலை நீட்டினாள். அடுப்பில் நனைந்த சவுக்கு விறகு. காலையிலிருந்து பிடிக்காமல் கிடந்தது.

"ரெண்டும் நல்லா கீதுன்றியே, ஊது. உலை கொதிச்சா கல்யாணம். இல்லாட்டி அப்டியே போய்க்கினே இரு."

உட்கார்ந்து ஊதினேன். புகை வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. நெருப்பு வரவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பெண்தான். இன்னும் இழுத்து ஊதினேன். இருமல் முட்டிக்கொண்டு வந்தது. இருமினால் கல்யாணம் போயிற்று. விழுங்கினேன்.

ஒருவழியாகப் பிடித்தது. உலையும் கொதித்தது.

அவள் அரிசியைக் களைந்து போட்டாள். "சாப்ட்டுப் போ" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பது நான்தான். என் பெண்சாதி மணையில் சாவகாசமாக உட்கார்ந்து குழலை நீட்டுவாள்.

"இன்னாய்யா பாத்துக்கினு கீற? உன் கார்டியோபல்மனரி சும்மாத்தானே கீது? ஊது."

ஊதுவேன்.