குருவி வயிறு

என் இரட்டைப் பிள்ளைகளில் மகன் இரண்டரைக் கிலோ எடையுடன் பிறந்தான். மகள் ஒன்றரைக் கிலோதான். “இவளுக்குக் குருவி வயிறுல்லா” என்று சிரித்து, அவளுக்குச் சின்னத் தட்டு வைத்தோம். பந்து விளையாடுகிற மகனுக்கு மீன் துண்டுகள். அவளுக்கு மரச்சீனிக் கிழங்கும் குழம்பும்.

பத்து வயதில், ஆலயத் திருவிழா ஓட்டப்பந்தயத்தில் பாதியிலேயே மயங்கி விழுந்தாள்.

“உடம்புல ரத்தமே இல்ல. எடை குறைஞ்சு பிறந்த பிள்ளைக்குத்தான் பாத்துப் பாத்து ஊட்டணும். விட்டுப்போன வளர்ச்சி முழுசாத் திரும்பாது” என்றார் டாக்டர்.

இப்போது முதல் மீன் துண்டு அவளுக்குத்தான். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் அதை அவன் தட்டில் வைத்துவிடுகிறாள்.

“ஏட்டி, நீ தின்னு மக்கா.”

“அவன் வெளையாடணும்லா அம்மா. எனக்குக் குருவி வயிறுதானே?”

அவள் தின்று முடிக்கும்வரை நான் பக்கத்திலிருந்து எழுவதில்லை.