வாயில் போனதை எழுதிய வருஷம்

1. நாலாவது மாடி

அலாரம் அடித்தபோது மணி பதினொன்றே முக்கால். சாம்பார் கவுண்டருக்குப் போய்விட்டது, ரசம் இறக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் கிச்சன் சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியின் நாலாவது மாடியில் இருந்தது. தினமும் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மதியச் சாப்பாடு. நான் அங்கே கிச்சன் இன்சார்ஜ். அடிக்கடி டிரில் வைப்பார்கள் என்பதால் அலாரத்தை நான் கண்டுகொள்ளவில்லை. தலைமைச் சமையல்காரர் பாபு மாஸ்டர்தான் தலையைத் தூக்கிப் பார்த்தார். அடுப்புக்கு மேலே இருந்த எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து கறுப்பாகப் புகை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு பற்றிக்கொண்டுவிட்டது.

கேஸ் வால்வை மூடினேன். எல்லாரையும் வெளியே அனுப்பினேன். இன்சார்ஜ் கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்பது விதி. நானும் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை செய்த கௌரியும் கடைசி. லிஃப்ட் நின்றுவிட்டது. படிக்கட்டுதான்.

மூன்றாவது மாடி வரை இறங்கினேன். அதற்குமேல் முட்டி மடங்கவில்லை, மூச்சும் வரவில்லை. சுவரைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து புகை வாசம் வந்துகொண்டே இருந்தது. கௌரி என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். அவள் குச்சி மாதிரி இருப்பாள். நான் அசையவில்லை.

"நீ போ கௌரி. கீழ போய் யாரையாச்சும் அனுப்பு."

"நீ எழுந்துரு அக்கா. அப்பால நான் போறேன்."

"உனக்கு ரெண்டு புள்ளைங்க கீது. போடி."

அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். என் முந்தானையை எடுத்து என் மூக்கில் வைத்தாள். தன் முந்தானையைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள்.

செக்யூரிட்டி ஆட்கள் நாலு பேர் வந்து என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். தீ அதற்குள் அணைந்துவிட்டதாம். ஆனால் படியில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு அது தெரியாது. கீழே வாசலில் சேஃப்டி ஆபீசர் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். "கிச்சன்ல ரெண்டு பேர் குறையுது, ரெண்டு பேர் குறையுது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை நாற்காலியில் வரும்போதே கேட்டேன்.  நான் ஒருத்தி மட்டும் என்றால் பரவாயில்லை. என்னால் கௌரியும் சேர்ந்து ரெண்டு.

2. எடை மெஷின்

மறுநாள் ஸ்டோர்ஸில் அரிசி மூட்டை இறக்கினார்கள். எடை போட்டு வாங்குவது என் வேலை. மூட்டைகளை எடுத்துப் போன பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த மெஷின் மேல் நானே ஏறி நின்றேன். தொண்ணூற்றேழு கிலோ நானூறு கிராம். இருபத்தைந்து கிலோ மூட்டை நாலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மெஷின் ரிப்பேர் என்று நினைத்து, ஒரு மூட்டையை மறுபடி வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்து கிலோ என்று சரியாகக் காட்டியது.

அந்த வாரமே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த லேடி டாக்டர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். மாத்திரை எழுதவில்லை. "ஒரு நோட்டு வாங்குங்க. ஒரு வாரம் வாயில போற எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வாங்க" என்றார்.

எழுதினேன். காலையில் மூன்று இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு. சாயங்காலம் டீ. ராத்திரி ரெண்டு தோசை. எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது, நாம் அதிகம் சாப்பிடுவதில்லை என்று.

டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இந்தச் சாப்பாட்டுக்கு இந்த வெயிட் வராதும்மா. எதையோ விட்டுட்டீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஏன் டாக்டர் பொய் எழுதணும்?"

"பொய்னு சொல்லல. என்ன வேலை பாக்குறீங்க?"

"கேன்டீன்ல கிச்சன் இன்சார்ஜ்."

"அங்க ருசி பாக்கிறது யாரு?"

"நான்தான்" என்றேன். 

3. தூக்குவாளி

எங்கள் கிச்சனில் ஒரு நாளைக்குப் பதினாலு அயிட்டம். எதுவும் நான் ருசி பார்த்து ஓகே சொல்லாமல் வெளியே போகாது. டாக்டர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஒவ்வொரு தடவை ருசி பார்க்கும்போதும் அதே அளவு எடுத்து ஒரு பாத்திரத்தில் போட வேண்டும். சாயங்காலம் அந்தப் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பொங்கல் ஒரு கை, வாளியில் ஒரு கை. வடை முதல் ஈடு ஒன்று, வாளியில் ஒன்று. சாம்பாரில் உப்பு குறைவு, உப்பு போட்ட பிறகு மறுபடி. புலாவ் மூன்று தடவை. பாயசம் ஒரு டம்ளர், முந்திரி வந்திருக்கிறதா என்று பார்க்க இன்னும் அரை டம்ளர். சர்வீஸ் முடிந்ததும் பாபு மாஸ்டர் வாளியைத் தூக்கி ஸ்டோர்ஸ் தராசில் வைத்தார். வாளி எடையைக் கழித்து ஒன்றேகால் கிலோ.

மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இன்னாக்கா, இது ரெண்டு ஆள் சாப்பாடு. இதத் துன்னுட்டு அப்பால ஒரு கரண்டி சோறு போட்டுகினு, நான் ஒன்னுமே துன்னலன்னு சொல்லிகினு இருந்த?"

நான் வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயசத்தில் வடை ஊறிக் கிடந்தது. சாம்பாரும் புலாவும் கலந்து என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் தினமும் இது எனக்குள்ளே போயிருக்கிறது. எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அன்றைக்கு மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

மறுநாளிலிருந்து டீ ஸ்பூன். ஒரு அயிட்டத்துக்கு ஒரு தடவை. இரண்டாவது தடவை பார்க்க வேண்டுமானால் மாஸ்டர் பார்ப்பார். ஒவ்வொன்றையும் அப்போதே நோட்டில் எழுதினேன். பிறகு எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகிறது என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன்.

4. கால்வாய்ப் பாலம்

எனக்கு வீடு பூஞ்சேரி. என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் வீட்டுப் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தது. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதைத் துடைத்து, காற்றடித்து, வேலை முடிந்து வந்ததும் மாமல்லபுரம் பக்கம் மிதிக்க ஆரம்பித்தேன். வயது ஐம்பத்துமூன்று. சின்ன வயதில் ஓட்டியதுதான்.

முதல் நாள் வழியில் இருக்கும் கால்வாய்ப் பாலத்தின் ஏற்றம் வரைக்கும்தான் போக முடிந்தது. இறங்கித் தள்ளினேன். மீன் கூடையோடு எதிரே வந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "இன்னா மா, வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது வாரம் பின் சக்கரத்தில் ஆறு கம்பி உடைந்தது. சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டபுள்ஸ் போறீங்களா இதுல?" என்றார். "இல்ல, நான் மட்டும்தான்" என்றேன். அவர் குனிந்துகொண்டு, தடித்த கம்பியாகப் போட்டுத் தருகிறேன் என்றார்.

பாலம் ஏற ஒரு மாசம் ஆயிற்று. கடற்கரை வரை போக ரெண்டு மாசம். அப்புறம் ஈ.சி.ஆரில் தேவனேரி, பட்டிபுலம் என்று தூரம் கூடியது. வேலைக்குப் போகிற கம்பெனி வேனை ஆபீஸ் கேட்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தேன். மாடி ஏறுவதற்கும் லிஃப்டை விட்டேன். முதலில் ஒரு மாடி, பிறகு ரெண்டு.

எடை இறங்கிக்கொண்டே போகவில்லை. எண்பத்தொன்பதில் மூன்று மாசம் அப்படியே நின்றது. மிதிக்கிறேன், நடக்கிறேன், எழுதுகிறேன், என்ன கேடு என்று நோட்டைப் புரட்டினால், ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் மட்டும் காலி. சர்ச் முடிந்து தம்பி வீட்டில் பிரியாணி. எழுதாததால் சாப்பிடாத மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுதின பிறகு மறுபடி இறங்க ஆரம்பித்தது. ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் ஆனபோது எண்பத்தொன்று. சர்க்கரை நார்மல் என்று டாக்டர் சொன்னார்.

5. கௌரியின் நோட்டு

என்னைப் பார்த்துக் கிச்சனில் மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. திங்கட்கிழமை காலையில் ஸ்டோர்ஸ் மெஷினில் வரிசையாக ஏறுவார்கள். மாஸ்டர் எண்பத்திரண்டு. ஒரே கேலியும் சிரிப்புமாக இருக்கும். ஒரு நாள் கௌரியையும் இழுத்து வந்து நிறுத்தினார்கள். முப்பத்தேழு கிலோ.

"இன்னாடி, மெஷின்ல நின்னியா, நிக்கலியா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் அவள் வயது நாற்பத்திரண்டு என்பது ஞாபகம் வந்தது. "நீயும் ஒரு வாரம் எழுது கௌரி. எப்படித்தான் ஒல்லியா கீறன்னு பாக்கலாம்" என்று ஒரு நோட்டைக் கொடுத்தேன். அவள் எட்டாவது வரை படித்தவள், நன்றாக எழுதுவாள்.

சனிக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். திங்கள்: காலை டீ. அஞ்சு மணிக்கு டீ, பிஸ்கட் ரெண்டு. ராத்திரி சோறு, ரசம். செவ்வாய்: காலை டீ. அஞ்சு மணிக்கு டீ. ராத்திரி சோறு, குழம்பு. புதனும் அப்படியே. எல்லாப் பக்கத்திலும் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள்.

"எதையோ விட்டுட்ட நீ" என்றேன்.

"இல்லக்கா. இவ்ளோதான்."

"மதியம் எங்க?"

"மதியம் ஒன்னும் இல்ல."

"ஏன், ஸ்டாஃப் சாப்பாடு?"

"எங்களுக்கு அது கிடையாதேக்கா. நாங்க வேற கான்ட்ராக்ட். நீதானே சொன்ன."

"வூட்டுலேருந்து கட்டிகினு வர்றதுதானே?"

"வெளிச் சாப்பாடு உள்ள வரக் கூடாதுன்னு நீதான் எழுதி ஒட்டிகீற."

அவள் குறை சொல்லவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் கைப்பட எழுதி ஒட்டிய தாள் அங்கேதான் இருந்தது. ஒன்று, ஸ்டாஃப் சாப்பாடு கிச்சன் ஊழியர்களுக்கு மட்டும். இரண்டு, வெளி உணவு அனுமதி இல்லை. மூன்று, மீதமான உணவை யாரும் எடுக்கக் கூடாது, தொட்டியில் கொட்டிவிட வேண்டும். கீழே என் கையெழுத்து.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரியான விதி. சுத்தத்துக்காகவும் ஒழுங்குக்காகவும் போட்டது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் பாத்திரம் கழுவுகிற பதினொரு பெண்கள் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை பட்டினி. சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்கள் கழிவறைப் பக்கம் போய் பன்னோ பிஸ்கட்டோ மறைத்துச் சாப்பிடுவார்களாம். கௌரி அதுவும் செய்யவில்லை. "மாட்டினா வேலை போய்டும்னு பயம்" என்றாள்.

 ஸ்டோர்ஸுக்குள் போய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன். ஆயிரத்து எண்ணூறு தட்டுகளில் மிச்சம் வைத்ததை இவள் தினமும் வழித்துக் கொட்டியிருக்கிறாள். என் அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். வேலை செய்கிற இடத்தில் ஒரு வாய் சோறு போடாமல் அனுப்புகிறவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆள் இப்போது நான்.

யூனிட் மேனேஜரிடம் போய், பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் ஸ்டாஃப் சாப்பாடு போட வேண்டும் என்று கேட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் பேப்பரில் இருந்தால்தான் நம்புவார்.

"அவங்க நம்ம ஹெட்கவுன்ட்ல, நம்ம ஆள் கணக்குல, வரமாட்டாங்களே எஸ்தர்" என்றார்.

"சார், ருசி பாக்கிறேன்னு நான் ஒருத்தி தினமும் ஒன்னேகால் கிலோ தின்னுருக்கேன். அத எந்த ஹெட்கவுன்ட்ல எழுதினீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் நோட்டையும் கௌரியின் நோட்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். இரண்டையும் படித்தார்.  "ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடறேன். பதில் வர நாளாகும்" என்றார். "வரட்டும் சார். நாளைக்கே சாப்பாடு போட ஆரம்பிக்கிறேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். சர்வீஸுக்கு முன்னால், பதினொரு மணிக்கு, எல்லாருக்கும் ஒரே பந்தி என்று ஆக்கினேன். முதல் நாள் கௌரி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரும் அவளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. மாஸ்டர் இரண்டாம் தடவை சோறு வைத்தபோது வேண்டாம் என்று கையை நீட்டி மறைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் அவளை அதே லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தம் ரொம்பக் குறைவு, இப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் விழுந்திருப்பாள் என்றார். மாத்திரை கொடுத்தார். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு அவள் நாற்பத்துநாலு கிலோ.

புதிதாக இன்சார்ஜ் ஆகிறவர்கள் என்னிடம் வந்து, எப்படி இளைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சைக்கிளைப் பற்றியும் நோட்டைப் பற்றியும் சொல்கிறேன். கூட இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு சிட்டிகை உப்பு குறைந்தால்கூட எனக்கு நாக்கில் தெரிந்துவிடும். பத்தடி தள்ளி நின்றவள் மூன்று வருஷமாக மதியம் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. சாம்பாரில் உப்பு பார்ப்பதற்கு முன்னால் உங்களிடம் வேலை செய்கிறவர்கள் சாப்பிட்டார்களா என்று ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக் கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள். நான் கேட்கவில்லை.