மோடத்துக்கு ஒரு ஸ்வெட்டர்

எங்க சித்தப்பா செங்கோட்டையன் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். கண்ணில் படுகிற எதற்கும் சட்டை தைத்துவிடுவார். டிவி ரிமோட்டுக்குத் தைத்தார், கேஸ் சிலிண்டருக்குத் தைத்தார். எனக்குத் தைத்ததுதான் தொளதொள. நான் வளருவேன் என்று நம்புகிற ஒரே ஆள்.

போன மாதம் கம்பெனி இன்டர்நெட் தினமும் மத்தியானம் படுத்துக்கொண்டது. நெட் லைன் ரிப்பேர் பார்க்கிற தரணி அண்ணன் மூன்று தடவை வந்தார். அவர் வந்தால் மட்டும் நன்றாக ஓடும். ஒயரை மாற்றினார், மோடத்தையே மாற்றினார். மறுநாளும் படுத்துக்கொண்டது.

அன்றைக்கு மூன்று மணிக்கு சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர், சித்தப்பா தைத்த குழந்தைச் சட்டையை வீடியோ காலில் பார்க்க வேண்டும். பிடித்தால்தான் ஆர்டர். இரண்டரைக்கு நெட் போய்விட்டது.

ஓடி வந்த தரணி அண்ணன் மோடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அது தடித்த கம்பளித் துணியில், கழுத்துவரை ஜிப் போட்டு உட்கார்ந்திருந்தது. தொட்டால் இஸ்திரிப்பெட்டிச் சூடு.

"ஏனுங்கண்ணா, இது குளுருதுன்னு சொல்லுச்சுங்களா?"

"பஞ்சு பறக்குதுங்களே, உள்ள போயிருமுன்னு தெச்சனுங்க."

"நான் வந்தப்பவெல்லாம் இது இல்லீங்களே?"

"நீங்க வாரீங்கன்னா கழட்டித் தொவைக்கப் போட்டிருவனுங்க. அழுக்கோட காட்டலாமுங்களா? இன்னைக்கு சாம்பிள் அவசரத்துல மறந்துட்டனுங்க."

ஸ்வெட்டரைக் கழற்றிப் பத்து நிமிடம் ஆறவிட்டு சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. பையர் சட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லி, கடைசியில் சரி என்றார்.

ஓனரம்மா ஸ்வீட் வாங்க ஆள் அனுப்பினார். சித்தப்பா அதற்குள் காற்று போகிற வலைத்துணியை எடுத்து வைத்துக்கொண்டு மோடத்துக்கு அளவெடுத்தார். தரணி அண்ணன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.