மனோ அக்காவின் கௌபாய் பீங்கான்கள்

செய்தி வந்தபோது நான் மொன்ட்ரியாலின் புவாண்ட்-கிளேரில் ஒரு வீட்டு வாசலில், பழைய சாமான்கள் பரப்பிய மேசையின் முன்னால் நின்றேன். கையில் ஒரு பீங்கான் தட்டு. விளிம்பைச் சுற்றி மாட்டுக்குச் சூடு போடும் குறிகள். விற்கும் கிழவி "பொன்ஜூர்" என்று சிரித்தபடி கிட்ட வந்தாள். தொலைபேசி அடித்தது. மனோ அக்காவின் கணவர் நடராசா அண்ணை. "தங்கச்சி, மனோ போயிட்டா" என்றார். ஆஸ்பத்திரியில் இருந்த மனோ அக்காவுக்குக் கொண்டுபோய்க் காட்டத்தான் அந்தத் தட்டைத் தூக்கியிருந்தேன். அதை வைத்துவிட்டுக் காருக்குள் போயிருந்து அழுதேன்.

மனோன்மணி அக்காவை உங்களில் பலர் கோயில் மடப்பள்ளியில் மோதகம் பிடிப்பவராக அறிவீர்கள். அமெரிக்கச் சூதாட்ட ஹோட்டல்களின் பழைய பீங்கான்களைச் சேர்த்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். அதிலும் கௌபாய் வேஷம் போட்ட ஹோட்டல்களினது மட்டும். கலிபோர்னியாவில் இருக்கும் அவருடைய தம்பி ஒருமுறை அக்காவை நெவாடா பக்கம் கூட்டிப் போயிருக்கிறார். சூதாட்ட மேசைகளை அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் பாணும் வெண்ணெயும் வந்த தட்டில் குதிரைக்காரன் ஒருவன் கயிறு வீசிக்கொண்டிருந்தான். அன்று பிடித்த பைத்தியம். பிறகு இணைய ஏலத்திலும் வாசல் விற்பனைகளிலும் தேடித் தேடி வாங்கினார். கார் ஓட்டியது நான்.

காரணம் கேட்பவர்களிடம் அக்காவுக்குப் பொறுமை கிடையாது. இந்த ஹோட்டல்களில் பல இடிக்கப்பட்டுவிட்டன. போர்க்காலத்தில் ஊரில் அக்காவின் வீடும் ஷெல் விழுந்து போனது. சென்னையிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி இரண்டையும் முடிச்சுப்போட்டு, அதனால்தானா என்று உருக்கமாகக் கேட்டாள். "எல்லாத்துக்கும் சண்டைதான் காரணமோ பிள்ளை? வடிவாயிருக்கு, வாங்கிறன்" என்றார் அக்கா. பாவம், அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது.

பாவிக்காத தட்டு அக்காவுக்குப் பிடிக்காது. கடைகளில் பாவித்த தட்டில் கத்தி கீறிய கோடுகள் இருக்கும். அவற்றின் மேல் நகத்தை ஓட்டி, "ஆரோ நல்ல பசியோடை சாப்பிட்டிருக்கினம்" என்பார். அந்தச் சந்தோஷத்தைக் கணவரிடம் காட்டப் போனதுதான் பிழை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நடராசா அண்ணை சுத்த சைவம், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். "இது மாட்டிறைச்சி வெட்டின கோடல்லோ? எங்கடை குசினிக்குள்ளை வேண்டாம் மனோ" என்று சமையலறைக்குள் வைக்க மறுத்துவிட்டார்.

அக்கா விடவில்லை. தீட்டுக் கழிப்பதற்காகத் தட்டுகளை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டார். மஞ்சள் போய்க் கோடுகளுக்குள்ளேயே குந்திக்கொண்டது. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிந்தவை இப்போது வாசலில் நின்றாலே தெரிந்தன. அண்ணைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சம்மதிக்கவில்லை.

பெட்டிகள் இல்-பிசார் தீவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு வந்தன. சனிக்கிழமைகளில் அக்கா மொன்ட்ரியால்-நோரில் இருந்த தன் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறி வருவார். எங்கள் தீவுக்கு பஸ் வருவதே அரிது. குளிரில் நின்று மூக்குச் சிவந்து வந்து சேர்வார். தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். ஒன்றில் வடையும் சம்பலும் வைத்து இருவரும் சாப்பிடுவோம். போகும்போது, "ஒரு நாளைக்கு இவர் இதிலை ஒரு பிடி சோறு சாப்பிடவேணும் சுமதி. வேறை ஒண்டும் வேண்டாம்" என்பார்.

ஆஸ்பத்திரியிலும் அதைச் சொன்னார். நான் அண்ணையிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். ஆஸ்பத்திரியிலை கிடக்கிற வருத்தக்காறி கேட்டா ஆர்தான் மாட்டன் எண்டுவினம்? அது கட்டாயப்படுத்திறது" என்றார்.

இறந்த எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று காலை அண்ணை என் வீட்டு வாசலில் நின்றார். "மனோவுக்குப் படைக்க அவளின்ரை பீங்கான் ஒண்டு தா தங்கச்சி. இலை வேண்டாம்." குதிரைக்காரன் கயிறு வீசும் தட்டொன்றைக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில், அக்காவின் படத்துக்கு முன்னால் அதில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் படைத்தோம். தேவாரம் முடிந்ததும், அண்ணை சாப்பிடுவதற்காகச் சோற்றை வேறு தட்டுக்கு மாற்றப் போனேன். "விடு" என்றார். நிலத்தில் அமர்ந்து, அந்தத் தட்டிலேயே குழைத்துச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பிறகு கேட்டார்: "நான் இதிலை சாப்பிடவேணும் எண்டு உன்னட்டையும் சொன்னவளோ?"

"ஓம் அண்ணை. ஒவ்வொரு சனியும் சொன்னவ."

அண்ணை தட்டைக் கழுவப் போனார். தேற்ற எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கிழமையே பெட்டிகள் மொன்ட்ரியால்-நோருக்குப் போய்விட்டன. அண்ணை இப்போது தினமும் அவற்றில்தான் சாப்பிடுகிறார். அக்காவின் நினைவாக என்னை ஒன்று எடுக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். அண்ணையை நீங்கள் நல்ல மனிதர் என்பீர்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிடி சோறு, அதுவும் தான் உயிரோடு இருக்கும்போது. அவ்வளவுதான் அக்கா ஆசைப்பட்டார். மனோ அக்காவுக்குக் கடைசிவரை தன் மனிதரோடு கோபிக்கத் தெரியவில்லை. அந்தக் கோபத்தை நான் வைத்திருக்கிறேன்.