வெள்ளைத் தொப்பி, கார்டு நம்பர் 312

வீரர்களின் படம் போட்ட பழைய பேஸ்பால் கார்டுகளில் அச்சு வேறுபாடுகளைத் தேடிப் பட்டியல் போடுகிறவள் நான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்தின் விதிகள் இன்றுவரை பிடிபடவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

312ஆம் கார்டின் பின்பக்கத்தில் ஒரு குட்டிக் கார்ட்டூன். அதில் தொப்பி சிவப்பு. என்னிடம் இருந்த கார்டில் மட்டும் வெள்ளை.

கார்டு சேகரிப்பவர்களின் ஆன்லைன் குழுவில் போட்டேன். அச்சடிக்கும்போது சிவப்பு மை விழாமல் போயிருக்கும், பட்டியலில் சேர்க்க முடியாது என்றார் அங்கிருக்கும் நிபுணர். ஒன்று மட்டும் இருந்தால் அது பிழை. இன்னொன்று கிடைத்தால்தான் வேறுபாடு. எங்கள் வழக்கம் அப்படி.

இன்று டெக்சாஸ் பிளானோவில் ஒரு கார்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்த நட்சத்திர வீரர்களைக் காட்டினார். நான் மூலையில் கிடந்த ஷூ பெட்டியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கார்டாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். படம் முன்பக்கம்தான் இருக்கும் என்று கனிவாகச் சொல்லிக்கொடுத்தார்.

நாற்பது நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அதே 312. அதே வெள்ளைத் தொப்பி.

வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தேன். கணவர் எட்டிப் பார்த்தார். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துக் காட்டினாலே வித்தியாசம் தெரியாத மனிதர்.

"ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு இன்னொண்ணு வாங்கின?"

கல்யாணமான பதினாறு வருடத்தில் என் கார்டுகளைப் பற்றி அவர் சொன்ன முதல் சரியான கருத்து. ஸ்கேனோடு அதையும் மொழிபெயர்த்துக் குழுவில் போட்டுவிட்டேன்.

நிபுணர் ஒரு மணி நேரமாக டைப் பண்ணிக்கொண்டே இருக்கிறார்.