ஆறாவது ஆளுக்குப் பதிலாள்

எந்தக் காபி மெஷின் எப்படிக் கோளாறானாலும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தின் மேல்தான் அவருடைய முதல் சந்தேகம். "கேஸ்கட்டை மாத்திப் பாப்போம்" என்பார். பெயரே கேஸ்கட் ஆகிவிட்டது. ஊரில் பாதிக் கடைகளுக்கு ரிப்பேர்காரர். இருபது வருடமாக மெஷினின் முதுகைப் பார்த்தவர். முன்பக்கம் நின்று ஒருவருக்கு ஒரு கப் போட்டுக் கொடுத்ததில்லை.

மண்டல பாரிஸ்டா போட்டியை நடத்துவதும் அவர்தான். கடைகளில் காபி போடுகிறவர்கள் நடுவர்கள் முன்னால் கால்மணி நேரத்தில் பன்னிரண்டு கப் வைக்க வேண்டும். ஜெயிப்பவர் தேசியப் போட்டிக்குப் போகலாம். ஆனால் ஆறு பேராவது மேடையேற வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மண்டலத்துக்கே இடம் போய்விடும்.

நடுவர்கள் ஏழு பேர் தயார். நன்கொடை கேட்டதற்குப் பால் கம்பெனி பணம் தரவில்லை. நாற்பது லிட்டர் பால் தந்தது.

"ஃப்ரிட்ஜ்ல ஒரு தக்காளி வைக்க இடமில்ல. கன்னுக்குட்டி ஏதாவது வளக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

போட்டியாளர்கள்தான் இல்லை. நுழைவுக் கட்டணம், பழகுவதற்குக் கொட்டும் காபிக்கொட்டை, ஒரு நாள் சம்பளம், எல்லாம் போட்டியாளரின் சொந்தக் கைக்காசு. கெஞ்சிக் கூத்தாடி ஆறு பேரைச் சேர்த்தார். முந்தின நாள் ஆறாவது ஆளும் ஆட்டம் கண்டது. பஸ் ஸ்டாப் எதிர்க் கடைப் பெண்ணை அனுப்ப முடியாது என்றார் கடைக்கார அம்மா.

"சனிக்கிழமைங்க! அவளை அனுப்பிட்டு நான் என்ன, கல்லாவுல உக்காந்து ஈ ஓட்டவா?"

"வார நாள்ல நடுவருங்களுக்கு வேலை இருக்கும்மா."

"அப்ப பதிலுக்கு ஒரு ஆளை நிறுத்துங்க."

காபி போடத் தெரிந்த எல்லோரும் போட்டியில், இல்லையென்றால் சனிக்கிழமைக் கூட்டத்தில். கேஸ்கட்டே ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். போட்டி நடக்கும் மண்டபம் மனைவி பொறுப்பு.

"எனக்குக் காபியே பிடிக்காதே!"

"நல்லதுதான். பாரபட்சம் இருக்காது."

மறுநாள் கடையில் முதல் ஆர்டர் வந்ததும் ஆவிக்குழாயைத் துடைத்தார், பிரஷர் பார்த்தார், மோட்டாரில் காதை வைத்தார்.

"அண்ணே, நான் காபி கேட்டேன். சர்வீஸ் கேக்கல."

அடுத்தவர் கப்பைவிட உயரமாக நின்ற நுரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதைக் குடிக்கணுமா, தடவி ஷேவ் பண்ணணுமா?"

பதினோரு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டியது. "இந்தச் சத்தம் சரியில்லியே" என்று கேஸ்கட் மெஷினின் பக்க மூடியைக் கழற்றினார். கடைக்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது போன். மனைவி கிசுகிசுத்தாள். "அந்தப் பொண்ணு மேடை ஏறிட்டா."

கேஸ்கட் திருகாணியும் கையுமாக நின்றார். வரிசையும் நின்றது.

"ஒம்போது கப்... பதினொண்ணு... ஐயோ, துணியைக் கீழ போட்டுட்டா... வெச்சுட்டா! பன்னெண்டும் வெச்சுட்டா!"

"ஆறு!" என்று கேஸ்கட் கத்தினார். வரிசை கைதட்டியது. காபி வந்துவிட்டதாக நினைத்திருக்கலாம்.

மூன்று மணிக்கு அந்தப் பெண் மூன்றாம் பரிசோடு திரும்பினாள்.

"அடுத்த வருஷமும் போவியா?" என்றார் கடைக்கார அம்மா.

"நீங்க விட்டாக்கா..."

"போடி. லீவு தரேன், சம்பளம் தரேன், கட்டணமும் நானே கட்டறேன். இந்த மனுஷன் மட்டும் கடைப்பக்கம் வரக்கூடாது!"

தரையில் விழுந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்த கேஸ்கட் எழுந்து, பையிலிருந்து அடுத்த வருடப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

திங்கட்கிழமை அடுத்த தெருக் கடைக்குப் போனார். "உங்க ஆளைப் போட்டிக்கு அனுப்புங்க. அன்னிக்கு நானே வந்து நிக்கறேன்."

விஷயம் அதற்குள் பரவியிருந்தது. "ஐயையோ, நீங்க வேணாம்! படிவத்தைக் குடுங்க" என்றார் முதலாளி.

இதுவரை பதினொரு படிவம் சேர்ந்திருக்கிறது.